அக்காவின் போனை எடுக்கக் கூடாத புதன்கிழமை

அக்காவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்குத் தாமதமாக வந்திருக்கிறது. முதலாண்டு நினைவு நாளன்று வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம், மலரைக் கொடுக்க முடியவில்லை. "அப்புறம் வீட்டுக்கே அனுப்பறோம்" என்று வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழியை அச்சகத்துக்காரர் தலையில் போட்டேன். மயிலாப்பூரில் இருக்கும் அந்த நல்ல மனிதர் தம் வேலையை எப்போதோ முடித்துவிட்டிருந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் நாங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தோம். அது நன்றி சொல்லும் பக்கம். அதில் ஒரு பெயரைப் போடலாமா கூடாதா என்பதில் ஒத்துப்போக முடியவில்லை.

அந்தப் பெயர் நஸீமா. எங்கள் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் போன் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர். சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை காலை, வீட்டில் தனியாக இருந்த அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. அக்கா கம்பெனிக்குப் போன் செய்தார். மணி அடித்தது. நஸீமா திரையில் அக்காவின் பெயரைப் பார்த்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தவர் அக்காவேதான்.

உறவினர் பலருக்கு விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கும். ஆளுக்கொரு கதை பேசப்பட்டதும் எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி இங்கே சொல்லிவிடுகிறேன். அது புரிய வேண்டுமானால் அக்கா எப்படி வேலை செய்தார் என்று தெரிய வேண்டும். அதனால் முறைப்படி பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா மந்தைவெளியில் பிறந்தார். அப்பா அப்போது பெரிய லிஃப்ட் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டார். அக்கா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அப்பா வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பராமரிப்புத் தொழில் தொடங்கினார். ராஜா அண்ணாமலைபுரத்திலும் அடையாற்றிலும் தனி வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. லிஃப்டுகள் பெருகின, அப்பாவுக்கும் வேலை பெருகியது.

அக்கா பி.காம். முடித்துத் தேனாம்பேட்டையில் மருந்து விநியோகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். கணக்கு எழுதப் போனவர், வண்டிகளை அனுப்பும் பிரிவுக்கு மாறி, பின்னர் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளரானார். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் நிர்வாகப் படிப்பும் படித்தார். திருமணமாகி ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியேறினார். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். விற்பனைப் பிரிவு உத்தியோகம் என்பதால் பாதி நாள் வெளியூரில் இருப்பார். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மாவின் கடைசிக் காலத்தில் மருத்துவமனையும் வீடுமாக அலைந்தவர் அக்காதான். எனக்குப் பெண் பார்த்ததும் அவர்தான். கோபம் வந்தால் அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் நாங்கள் எல்லோரும் மெல்ல நழுவிவிடுவோம்.

அப்பாவின் தொழில் நிர்வாகம் முழுவதும் அப்பாவின் வாயில் இருந்தது. கதவு உருளை ஒன்று மாற்ற வேண்டுமென்றாலும் மெக்கானிக் அவரைக் கேட்க வேண்டும். ஆவடியிலிருந்து யாராவது கூப்பிட்டாலும் சரி என்பார், தாம்பரத்திலிருந்து கூப்பிட்டாலும் சரி என்பார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொன்னால் ஆகாது என்பது அவர் எண்ணம். ஆனால் காலம் மாறிவிட்டது. லிஃப்ட் செய்கிற பெரிய கம்பெனிகளே பராமரிப்பையும் விடுவதில்லை என்று இறங்கின. அப்பாவிடம் தொழில் பழகிய பையன்கள் தனித்தனியாகப் போய்ப் பாதி விலைக்குச் செய்கிறேன் என்று நின்றார்கள். கட்டடம் கட்டடமாக ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தபோது, அக்கா தேனாம்பேட்டை வேலையை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வந்தார்.

வந்த புதிதில் அக்கா எதையும் மாற்றவில்லை. மெக்கானிக்குகளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊர் சுற்றினார். எங்கள் மூத்த மெக்கானிக் டில்லி, கூவம் ஓரத்தில் பிறந்து வளர்ந்து, குடிசைகளை அகற்றியபோது பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர், மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாதவர். அவர் கேட்டே விட்டார்.

"இன்னாக்கா, எங்கள வேவு பாக்க வந்துகிறியா?"

"உங்கள இல்ல டில்லி, ரோட்டத்தான் வேவு பாக்கறேன்" என்றார் அக்கா.

அக்கா பார்த்தது இதுதான். லிஃப்டைச் சரி செய்ய ஆகும் நேரம் கொஞ்சம், அங்கே போய்ச் சேர ஆகும் நேரம்தான் அதிகம். ஆவடிக்குப் போன மெக்கானிக் அன்று ஆவடிக்கே சொந்தம். அந்த நேரத்தில் மந்தைவெளியில் லிஃப்ட் நின்றால் பார்க்க ஆளில்லை. அக்கா ஒரே முடிவாகத் தொலைவில் இருந்த கட்டடங்களை எல்லாம் விட்டுவிடலாம் என்றார். மயிலாப்பூர், தி.நகர், தேனாம்பேட்டை, அடையாறு, இந்த வட்டாரத்துக்கு வெளியே எங்கும் போவதில்லை. அப்பா கட்டுப்போட்ட காலோடு எழுந்து நின்றுவிட்டார்.

"வர்ற வேலய வாணாம்னு சொல்றதுக்காம்மா உன்ன படிக்க வெச்சேன்?"

"அதுக்குத்தாம்பா. சரி சரின்னு சொல்றதுக்குப் படிப்பு எதுக்கு?"

அப்பா பல நாள் அக்காவோடு பேசவில்லை. ஆனாலும் அக்கா தினமும் அப்பா வீட்டுக்கு வந்து அவர் காலுக்கு மருந்து போட்டுவிட்டுத்தான் போவார். இரண்டு பேரும் கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விலையில் அக்கா யாரோடும் போட்டி போடவில்லை. தி.நகரில் ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர், "வேற ஒருத்தர் உங்களைவிடக் குறைச்சலா கேக்கறாரே" என்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா பதற்றப்படவே இல்லை. "நல்லது சார். லிஃப்ட் நின்னா அவங்க ஆள் எங்கேருந்து கிளம்பி வருவாருன்னு மட்டும் கேட்டுக்குங்க. எங்க ஆள் உங்க அடுத்த தெருவுல இருப்பான்" என்றார். செயலாளர் கையெழுத்துப் போட்டார்.

அக்கா செய்த மாற்றங்களை ஒன்றுவிடாமல் எழுத எனக்குத் தெரியாது. நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவன், வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்பதையே நிர்வகிக்கத் தெரியாதவன். நான் கண்ணால் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் சில கட்டடங்களைப் பிரித்துக் கொடுத்து, அவை அவருடைய லிஃப்டுகள் என்றார். எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதும் அவர் முடிவே, யாரையும் கேட்க வேண்டாம் என்றார். திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் நடுவில் ஒரு பெரிய மேசை. போன வாரம் கழற்றிய பழைய பாகங்களை எல்லாம் அதன்மேல் கொட்டி, எது ஏன் கெட்டது என்று சுற்றி நின்று பேசுவார்கள். திட்டு கிடையாது. அப்படிப் பேசிப் பேசித்தான் பட்டினப்பாக்கம் பக்கம் கடற்காற்றில் கதவின் மின்தொடுப்புகள் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று கண்டுபிடித்து, கெடுவதற்கு முன்பே மாற்றத் தொடங்கினார்கள். காவலாளிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, லிஃப்ட் சத்தத்தில் வித்தியாசம் தெரிந்தால் உடனே கூப்பிடச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேல் போன். எங்கள் எண்ணை ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒட்டச் செய்தார். மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். "இருட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒவ்வொரு மணியும் ஒரு மணி நேரம்" என்பார் அக்கா. அதற்கென்று தேடிப் பிடித்தவர்தான் நஸீமா. இராயப்பேட்டைக்காரர், அதற்கு முன் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் பதிவு செய்துகொண்டிருந்தார். பதறாத குரல். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரிடம் அவர் பேசியதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அங்கிள், கதவாண்ட நிக்காதீங்க, கீழ ஒக்காந்துக்கோங்க. டில்லி பைக்கை எடுத்துட்டாரு. அவரு வர்ற வரைக்கும் நான் லைன்லயே கீறேன். காலைல இன்னா டிபன் சாப்ட்டீங்க?" கதவு திறக்கும் வரை அந்தப் பெரியவர் அவரிடம் பொங்கலைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வாடிக்கையாளர்களில் அக்காவைத் தெரியாதவர்கள் உண்டு, நஸீமாவைத் தெரியாதவர்கள் இல்லை.

கம்பெனி நிமிர்ந்தது. போன கட்டடங்கள் திரும்பி வந்தன, புதியவையும் வந்தன. அந்த நேரத்தில் அக்காவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. "மேடம், பிரேக் ஷூ மாத்திடவா?" "அக்கா, இந்த கேபிள புதுசு போடட்டா?" கேட்க வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தும் அவர்களுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தி.நகரில் ஒரு லிஃப்ட், அக்கா மயக்கத்தில் இருந்த நேரம் முழுவதும் நின்றுகிடந்திருக்கிறது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க அக்கா என்னிடம் சொன்னார், "நான் படுத்தா கம்பெனியும் படுத்துக்குது பாரு. அப்ப அது கம்பெனி இல்ல, நான்தான்."

வீடு திரும்பியதும் கொண்டுவந்ததுதான் புதன்கிழமை வழக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை அக்கா கம்பெனிக்கு வர மாட்டார், எதையும் கேட்க மாட்டார், சொல்ல மாட்டார். அன்று நடப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. அக்கா பாண்டி பஜாரில் புடவை பார்ப்பார், அடையாற்றில் மரநிழலில் உட்கார்ந்து பார்ப்பார், டீ நேரம் வரும்போது கை தானாகப் போனுக்குப் போய்விடும். "சும்மாதாம்பா கூப்ட்டேன்" என்பார். உடனே அங்கே சேர்த்து வைத்திருந்த சந்தேகம் எல்லாவற்றையும் அந்த ஒரு போனில் கொட்டிவிடுவார்கள். வழக்கம் வீணாயிற்று. அப்போதுதான் அக்கா அந்த உத்தரவைப் போட்டார். முதல் புதன்கிழமை தான் கூப்பிட்டால் யாரும் எடுக்கக் கூடாது.

நஸீமா அன்றே கேட்டிருக்கிறார். "எதுனா அவசரம்னா மேடம்?"

"எனக்கு இன்னா அவசரம் வரப்போவுது? நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா வாட்ச்மேன் கூப்பிடுவான்" என்றிருக்கிறார் அக்கா. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா அவர்களைச் சோதித்தும் பார்த்தார். வேண்டுமென்றே புதன்கிழமை கூப்பிடுவார். ஒருமுறை நஸீமா மனசு கேட்காமல் எடுத்துவிட்டார். திங்கட்கிழமை மேசையைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போது அக்கா அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "நீ என்மேல பாவப்பட்டு எடுத்த நஸீமா. ஆனா நீ எடுத்ததுனால, டில்லி தானா முடிவு பண்ண வேண்டியத எங்கிட்ட கேட்டான். நீ பண்ணது அவனுக்குக் கெடுதல்." தண்டனையாக எல்லோருக்கும் சமோசா வாங்கித் தரச் சொன்னார். நஸீமா வாங்கித் தந்தார். அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அக்காவுக்கு வலி வந்த நாளும் அந்த மாதத்தின் முதல் புதன்கிழமைதான். மாமா ஊரில் இல்லை. வலி எப்போது தொடங்கியது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவின் போனில் பார்த்தால் கம்பெனி எண் மட்டுமே வரிசையாக இருக்கிறது. எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. மாமாவைக் கூப்பிடவில்லை. தேனாம்பேட்டையில், அவ்வளவு பக்கத்தில் இருந்த என்னைக்கூடக் கூப்பிடவில்லை.

பிறகு அக்கா தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து லிஃப்டில் ஏறியிருக்கிறார். கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது, அவர் லிஃப்டின் தரையில் உட்கார்ந்திருப்பதைக் காவலாளி பார்த்தார். அவருக்குத் தெரிந்த எண் லிஃப்டில் ஒட்டியிருந்த எண்தான். அதைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே நஸீமா எடுத்தார்.

"யம்மா, உங்க மேடம் லிஃப்ட்டுல ஒக்காந்துகினு கீறாங்க. பேச்சு வரல."

டில்லி அடுத்த தெருவில் இருந்தார். அக்கா வகுத்து வைத்தபடியே அடுத்த தெருவில் இருந்தார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி, வழியில் போன ஆட்டோவை மறித்து, அக்காவைத் தூக்கி உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாள் மாலை என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவரை வெள்ளைத் துணிக்குக் கீழே காட்டினார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை, இது வேறு யாரோ என்று டாக்டரிடம் வாதாடினேன். அப்பா மட்டும் தெளிவாக ஒன்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருப்பாளா?" டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டு, "அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத அந்தப் பதிலோடுதான் நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய அன்று வீடு நிறைய ஆட்கள். நஸீமா வந்தார். தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றார். அதுவரை யாரும் அக்காவின் போனைத் திறந்து பார்க்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பெரிய சார், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி மேடம் எனக்குப் போன் பண்ணாங்க. நான் எடுக்கல."

"இன்னா சொன்ன?" என்றார் அப்பா. நஸீமா அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். மாமா எழுந்து போய் அலமாரியிலிருந்து அக்காவின் போனை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வெளிய போ" என்றார் அப்பா.

"பெரியவரே, அக்காதான் எடுக்காதன்னு சொல்லிகினு..." என்று ஆரம்பித்தார் டில்லி.

"நீயும் போடா."

போலீசில் சொல்ல வேண்டும் என்றார் ஓர் உறவினர். வேண்டுமென்றே செய்திருப்பாள் என்றார் இன்னொருவர். எனக்கும் அன்று நஸீமாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அக்காவை இழந்த அதிர்ச்சி ஒன்று, இப்படி இழந்தோம் என்ற அதிர்ச்சி அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்பா மறுபடி கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தார். போனுக்கு வேறு ஆள் கிடைக்கும் வரை நஸீமா இருக்கட்டும் என்றார், ஆனால் அவரிடம் நேராகப் பேசமாட்டார். ஆளும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மேசையிலிருந்த பாகங்களை அகற்றிவிட்டு அக்காவின் படத்தை வைத்து மாலை போட்டார்கள். பாகங்கள் வைக்கும் அறைச் சாவி அப்பாவின் இடுப்புக்குப் போயிற்று. எதை மாற்றுவதென்றாலும் பழையபடி அவரைக் கேட்க வேண்டும். புதன்கிழமை என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. "அக்கா கீறப்ப நாங்க மெக்கானிக்கு சார், இப்ப எடுபிடி. ஒரே பேஜாரா கீது" என்றார் டில்லி என்னிடம். கட்டடங்கள் ஒவ்வொன்றாக, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கின. அக்கா கட்டியது கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மதியம் அடையாற்றில் ஒரு லிஃப்ட் நின்றது. கருகிப்போனது சின்ன மின்பாகம்தான், புதிது எங்கள் அறையிலேயே இருக்கிறது. மேல்மாடியில் ஓர் அம்மாள் சிகிச்சைக்குப் போகக் கிளம்பி நிற்கிறார், படியிறங்க முடியாதவர். டில்லி நஸீமாவைக் கூப்பிட்டார், நஸீமா அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். போன் தலைமாட்டில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் அந்த அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, மகனும் டில்லியுமாகப் படி வழியே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழி முழுவதும் அந்த அம்மாள் பயத்தில் அழுதிருக்கிறார்.

அப்பா விழித்துப் போனைப் பார்த்தார். எல்லாம் நஸீமாவிடமிருந்து வந்த அழைப்புகள். என்னையும் அழைத்துக்கொண்டு உடனே கம்பெனிக்குப் போனார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக நஸீமாவிடம் நேராகப் பேசினார்.

"எத்தினி வாட்டி கூப்ட்ட?"

"விடுங்க பெரிய சார்" என்றார் நஸீமா.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நீங்களும்தானே எடுக்கல" என்ற வார்த்தை அந்த அறையில் இருந்த எல்லோர் நாக்கு நுனியிலும் இருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். அப்பா தம் நாற்காலிக்குப் போகவில்லை. வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். மயானத்தில்கூட அப்படி அழவில்லை. பெற்ற மகளுக்காகவும், படியில் அழுத யாரோ ஒரு அம்மாளுக்காகவும், மூப்புக்காகவும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். டில்லி வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் அக்காவின் படம் சுவருக்குப் போயிற்று, மேசை பழையபடி பாகங்களுக்குத் திரும்பியது. சாவியை அப்பா ஆணியில் மாட்டினார். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை தாம் வரப்போவதில்லை என்றார். நஸீமா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வாணாம் பெரிய சார். அந்த நாள் மட்டும் வாணாம்."

"நாள் மேல தப்பு இல்லமா" என்றார் அப்பா.

அந்தப் புதன்கிழமை நான் லீவு போட்டு அப்பாவோடு இருந்தேன். குளித்தார், பேப்பர் படித்தார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கம்பெனி எண்ணை அழுத்தினார். எடுக்காவிட்டால் என்ன செய்வது, எடுத்தால் என்ன செய்வது, இரண்டையும் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

முதல் மணி முடிவதற்குள் குரல் வந்தது. "சொல்லுங்க பெரிய சார். நல்லா கீறீங்களா?"

"நல்லா கீறேன்."

"மாத்திரை போட்டீங்களா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த மயிலாப்பூர் லிஃப்ட்டு இன்னா ஆச்சு?"

"அது உங்களுக்கு நாளைக்கி. நீங்க நல்லா கீறீங்க, அது போதும். வெச்சிடறேன்."

வைத்தே விட்டார். அப்பா கையிலிருந்த போனைப் பார்த்தார். "வெச்சிட்டா பாரு!" என்றார். அதில் கோபம் இல்லை. கூப்பிட்டால் எடுக்க வேண்டும், உடம்பை விசாரிக்க வேண்டும், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதுதான் நஸீமா யாரையும் கேட்காமல் தாமே போட்ட புது விதி. யாரையும் கேட்காமல் முடிவெடுக்க வேண்டும் என்றுதானே அக்கா அத்தனை பாடுபட்டார். போகத் தொடங்கிய கட்டடங்கள் இப்போது நின்றிருக்கின்றன. சில திரும்பியும் வந்திருக்கின்றன.

நஸீமாவின் பெயரைப் போடு என்று அப்பாவே என்னிடம் சொன்னார். மாமாவும் சரி என்றார். சண்டை அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுத்தவர் நஸீமா.

"என் பேரு வாணாம் சார். மேடம் வலிக்குதுன்னு சொல்லக் கூப்ட்டாங்களா, இல்ல சும்மா என்ன டெஸ்ட் பண்ணக் கூப்ட்டாங்களா, எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல. தெரியாத வரைக்கும் அந்த புக்குல என் பேரு வரக்கூடாது." இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் இவ்வளவு நாள் தாமதம்.

அக்காவைப் பார்த்தவுடன் தயங்காமல் போன் செய்த காவலாளிக்கும், பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்ட ஆட்டோ ஓட்டுநருக்கும், அக்காவைக் குழந்தையைப் போல் கையில் ஏந்திக்கொண்டு ஓடிய டில்லிக்கும், முடிந்தவரை போராடிய மருத்துவருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், அந்த நாட்களில் எந்த லிஃப்டையும் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குகளுக்கும், தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நஸீமா அவர்களுக்கு. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் உங்கள் பெயரை அச்சிடுகிறோம். அக்கா எதற்காகக் கூப்பிட்டார் என்று எனக்கும் தெரியாது. ஆனால் வலியில்தான் கூப்பிட்டார் என்றால், கட்டிய கணவர் இருந்தார், பெற்ற அப்பா இருந்தார், கூடப்பிறந்த நான் இருந்தேன். அவர் எங்களில் ஒருவரையும் தேடவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டார்.

குடும்பத்தார் சார்பில்,
தம்பி